இரண்டு குப்பிகளில் பிரித்துவைத்த ஜோடி

"உனக்கு எது வேணும்மா?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். மூன்று நாளாகிவிட்டது, எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி புரியாமல் இல்லை, நீ தெளிவாகத்தான் கேட்டாய். பெங்களூரில் நீ வேலைபார்க்கும் கம்பெனி உன்னை ஜெர்மனிக்கு அனுப்பத் தயாராக இருக்கிறது. போனால் எப்போது திரும்புவாய் என்று யாராலும் சொல்ல முடியாது. திருச்சியில் இன்னொரு கம்பெனி கூப்பிடுகிறது. அங்கே சேர்ந்தால் வாராவாரம் அரியலூர் வந்து போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் நீ பதில் சொல்லியாக வேண்டும். நான் வழக்கம்போல, "உனக்கு எது நல்லதோ அதச் செய்" என்றேன். "எனக்கு எது நல்லதுன்னு நான் கேக்கலம்மா, அது எனக்கே தெரியும். உனக்கு எது வேணும்னு கேக்குறேன்" என்றாய். "உன் இஷ்டம்" என்றேன். பிறகு, "அது பதில் இல்லம்மா. வியாழக்கிழமை வரேன், அப்பவாவது சொல்லு" என்று வைத்துவிட்டாய்.

நாளை வியாழன். உன் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல என்னால் ஆகாது என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதினால் மடித்து ஏதாவது புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன். அப்படி வைத்த கடிதங்கள் இந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே கல்லூரியில் கூட வேலைபார்க்கும் ஒருவர் நடத்தும் சிறு பத்திரிகைக்கு இதைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். யாரோ தெரியாதவர்கள் படிக்கப்போகிறார்கள் என்றால் எனக்கு ஒழுங்காக எழுத வரும். ஆய்வுக்கட்டுரை எழுதியே பழகிய கை. மகனுக்கு அறிவுரை சொல்கிற கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. எழுதுகிறவர் எல்லாவற்றையும் கடந்து கரையேறி நின்றுகொண்டு பேசுவதுபோல இருக்கும். நான் எந்தக் கரையிலும் ஏறி நிற்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு நீ வந்ததும் எப்படியும் தெரிந்துவிடும். உன் அறையில் நான் பூச்சி வளர்க்கிறேன். கட்டில் மேல் நான்கு, மேசை மேல் மூன்று, ஜன்னல் திண்டில் இரண்டு, ஆக ஒன்பது பிளாஸ்டிக் தொட்டிகள். எல்லாவற்றிலும் கொள்ளிடத்துத் தண்ணீர், கொஞ்சம் பாசி, மேலே கொசுவலைத் துணி. இரண்டு வருடமாக இப்படித்தான். நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தபோதெல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றிவைத்துவிட்டு, நீ போன மறுநாள் இறக்கிவைப்பேன். இந்த முறை ஏற்றப்போவதில்லை. ஏன் மறைத்தேன் என்று கேட்டால், உன் அறை காலியாக இருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும் அல்லவா, அதனால்தான். போன மாதம் கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற பெண் உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள். "என்னாங்க மேடம், வூடு முழுக்கத் தண்ணி புடிச்சு வச்சிருக்கீங்க? கொட்டுங்க மொதல்ல." இது கொசு இல்லை, கொசுப்புழுவைத் தின்கிற பூச்சி என்று விளக்கினேன். "திங்கட்டும்ங்க, யாரு வேண்டாங்குறா? ஆத்துல போய்த் திங்கச் சொல்லுங்க" என்றாள். ஒவ்வொரு தொட்டியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, புழு ஒன்றுகூட இல்லாததைக் கண்டு கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "வேற யாரும் வூட்டுல இல்லீங்களா?" என்று கேட்டாள். அவள் கையிலிருந்த நோட்டில் அப்படி ஒரு கட்டம் இருந்ததா, அவளாகக் கேட்டாளா என்று தெரியவில்லை. இல்லை என்றேன். எழுதிக்கொண்டு போனாள்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனால் முழுதாக ஒரு முறையும் சொன்னதில்லை. தண்ணீரில் வாழும் மூட்டைப்பூச்சி இனத்துச் சொந்தங்கள் என்று வைத்துக்கொள். எல்லாவற்றுக்கும் குத்தி உறிஞ்சுகிற ஊசி மூக்கு இருக்கும். ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் கரைக்கும் மணலுக்கும் நடுவில் நிற்கிற குட்டைகளில் வலையை விட்டால் ஒரே வீச்சில் ஐந்தாறு வகை வரும். மல்லாந்தபடியே நீந்துவது ஒன்று. வாலில் குழாய் வைத்து மூச்சுவிடுகிற, தேள் மாதிரி முன்காலை நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. முதுகில் முட்டையை ஒட்டிவைத்துச் சுமப்பது ஒன்று. அதைப் பார்த்ததும் வருடாவருடம் மாணவர்கள் "பெண்" என்று எழுதுவார்கள், சுமப்பது ஆண் என்றால் நம்ப மாட்டார்கள். இவற்றை வகைபிரிக்க ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டே இரண்டு வழி. உணர்கொம்பு தலையைவிட நீளமா, குட்டையா? நீளம் என்றால் தண்ணீர்மேல் நடக்கிற கூட்டம். கண்ணுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குட்டை என்றால் தண்ணீருக்குள் வாழ்கிற கூட்டம். அடுத்த படி, அதற்கடுத்த படி. கடைசியில் ஒரு பெயர் கிடைக்கும். இருபத்தைந்து வருடம் இப்படி யோசித்துப் பழகியவளுக்கு, எந்தப் படியிலும் உட்காராத கேள்வி ஒன்று வந்தால் கை ஓடாது. நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டது அப்படிப்பட்டது.

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது முடித்த என் முனைவர் ஆய்வில், தண்ணீர்மேல் நடக்கிற ஒரு சின்னப் பூச்சியை இரண்டு தனி இனங்களாகப் பிரித்திருந்தேன். அரிசிக் குறுணை அளவுதான் இருக்கும். ஒன்றுக்குச் சிறகு உண்டு, தோள் அகலம், முதுகுத் தகடு பின்னால் நீண்டிருக்கும். இன்னொன்றுக்குச் சிறகே கிடையாது, தோள் ஒடுக்கம், உடம்பும் வேறு மாதிரி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ஒரே பூச்சியில் சிறகோடும் சிறகில்லாமலும் இரண்டு உருவம் இருக்கலாம் என்று பாடத்தில் நானே நடத்துகிறேன். ஆனாலும் என் கையில் இருந்தவை அப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டுரை வந்தது, இரண்டு பேர் பாராட்டினார்கள். அதன்பிறகு அந்தக் குட்டைகளில் நான் எதைப் பார்த்தாலும் இரண்டாகத்தான் பார்த்தேன்.

உனக்குப் பத்தொன்பது வயது. செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தாய். பஸ்ஸில் வேண்டாம் என்று வண்டியில் என்னைத் திருமானூருக்கு அழைத்துப் போனாய். பாலத்துக்குக் கீழே இறங்கி, கோரைக்கு நடுவில் நின்ற ஒரு குட்டையில் நீ வலை போட்டாய். தட்டில் கொட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க வா. இதுல ஒண்ணுக்கு ரெக்க இருக்கு, ஒண்ணுக்கு இல்ல. ஆனா ரெண்டும் ஜோடியா இருக்கே" என்றாய். வந்து பார்த்தேன். சிறகில்லாததன் முதுகின் மேல் சிறகுள்ளது ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "நெருக்கத்துல மேல ஏறியிருக்கும். அது வேற, இது வேற. வேற வேற குப்பியில போடு" என்றேன். "நல்லாப் பாரும்மா" என்றாய். "நான் இதுல டாக்டரேட் வாங்கியிருக்கேன் தம்பி" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "சரிங்க டாக்டர்" என்று சொல்லி, தூரிகை நுனியால் அவற்றைப் பிரித்து இரண்டு குப்பிகளில் போட்டாய். இரண்டுக்கும் நான் சீட்டு எழுதினேன். ஊர், தேதி, சேகரித்தவர். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன், அன்றைக்கு அது தவறாகவே படவில்லை. அதற்கப்புறம் நீ என்னோடு குட்டைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தவறை எனக்குக் காட்டியது மணல். இரண்டு வருடத்துக்கு முன் கொள்ளிடத்தில் தண்ணீர் நிறையத் திறந்துவிட்டார்கள், அது குட்டைகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. வடிந்ததும் புதிதாக ஒரு குட்டை, நாலாபக்கமும் வெறும் மணல், பக்கத்தில் வேறு தண்ணீரே இல்லை. முதல் வாரம் அதில் ஒன்றுமில்லை. அப்புறம் சிறகுள்ள பூச்சிகள் சில வந்தன. பறந்து வந்திருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துப் போனால் குட்டை முழுக்கச் சிறகில்லாதவை. பறக்க முடியாத, அரிசிக் குறுணை அளவுப் பூச்சி அவ்வளவு சுடுமணலைத் தாண்டி எப்படி வந்தது? கரையில் குந்தி உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவை வரவில்லை, அங்கேயே பிறந்தன என்பதைத் தவிர வேறு வழியில்லை. பறந்து வந்தவற்றின் பிள்ளைகள்.

அங்கே ஆடு மேய்க்கும் மாரியம்மா உனக்கு ஞாபகம் இருக்கலாம். என் வயதுதான், ஆனால் என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு நான் வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். "என்னா டீச்சரம்மா, பூச்சி ஒண்ணும் மாட்டலியா? மூஞ்சி செத்துப்போயிருக்கு." ஒன்றுமில்லை என்றேன். "தம்பி எங்க, வரதே இல்ல?" பெங்களூரில் வேலை என்றேன். "எம் பய திருப்பூர்ல கெடக்கான். போனப் போட்டு, பொங்கலுக்கு வரலன்னா செருப்பாலயே அடிப்பேன்டான்னு சொன்னேன்." வந்தானா என்று கேட்டேன். "எங்க வந்தான்? வரல." பிறகு எதற்குத் திட்டினாய் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "வரதும் வராததும் அவன் பாடு. கூப்புடலன்னா நமக்கு வேணும்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கோரையில் வாய் வைத்த ஆட்டை அடிக்க ஓடினாள். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மணலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிகள் வந்தது அப்படித்தான். குட்டையிலேயே இணைசேர்ந்திருந்த, சிறகில்லாத ஒரு பெண் பூச்சியைத் தனியாக வைத்தேன். பாசியில் முட்டை வைத்தது. குஞ்சுகள் வெளிவந்து ஐந்து முறை சட்டை உரித்து முதிர்ந்தபோது, ஒரே தாயின் பிள்ளைகளில் சிலவற்றுக்குச் சிறகு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். தண்ணீர் குறைந்து நெருக்கம் கூடிய தொட்டிகளில் சிறகுள்ளவை அதிகம் வந்தன. அது ஏன், எந்தக் கட்டத்தில் தீர்மானமாகிறது என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னிடம் இருப்பது ஒன்பது தொட்டிதான். ஆனால் அவை ஒரே இனம். பத்தொன்பது வருடம் நான் இரண்டு பெயர் வைத்துக் கூப்பிட்டது ஒன்றைத்தான். திருத்தக் குறிப்பு எழுதி, என் கட்டுரை வந்த இதழுக்கே போன வாரம் அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால், ஆறு வருடமாக அலமாரியில் இருந்த உன் இரண்டு குப்பிகளையும் எடுத்தேன். ஆல்கஹாலில் கொஞ்சம் வெளுத்திருந்தன, மற்றபடி அப்படியே இருந்தன. இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுப் புதுச் சீட்டு எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது.

இதிலிருந்து நீ ஓர் உவமையை எடுப்பாய் என்று தெரியும். போகிறவர்கள், இருக்கிறவர்கள், சிறகு, இத்யாதி. வேண்டாம். பூச்சியிடம் பாடம் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, யாருக்கும் பாடம் சொல்வதற்காக அதற்குச் சிறகு முளைப்பதில்லை. நான் சொல்ல வருவது என்னைப் பற்றி. ஒரு முறை பிரித்துவிட்டால், கண்ணெதிரே இருப்பதையும் பார்க்க மாட்டேன் என்பதுதான் என் புத்தி. அதைப் பூச்சியோடு நிறுத்திக்கொண்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி நாம் பேசியதில்லை. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவருக்கு வடக்கே மாற்றல் வந்தது, போனார், முதலில் மாதத்துக்கு ஒரு முறை வந்தார், பிறகு வருவது நின்றது. உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கிளம்புகிற அன்று காலை பெட்டியோடு வாசலில் நின்றவர் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். அந்த மாற்றலை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க அவருக்கு வழி இருந்தது, அது எனக்கும் தெரியும். நான், "சாவிய எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அதற்கப்புறம் நான் அவரைப் போகிற வகை என்று எழுதிக்கொண்டேன். என்னை இருக்கிற வகை என்று எழுதிக்கொண்டேன். நீ பெங்களூருக்கு முதன்முதலாகக் கிளம்பியபோது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான், "சார்ஜர எடுத்துக்கிட்டியா?" என்றேன். நீயும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாய். உன்னையும் அவர் குப்பியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

யாரையும் தடுக்கக் கூடாது என்பது என் கொள்கை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இதற்காக என்னை மெச்சுகிறார்கள்கூட. "மேடம் மாதிரி இருக்கணும், பையனைக் கட்டிப்போடாம விட்டாங்க பாரு" என்று என் காதுபடவே சொல்வார்கள். கொள்கை இல்லை. இரு என்று சொன்னால், முடியாது என்று உன் அப்பாவும் நீயும் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். கேட்காத வரைக்கும் யாரும் என்னை மறுக்கவில்லை. இந்த வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தமும் தொட்டிகளில் பூச்சிகள் ஓடுவதும்தான். பூச்சிகள் ஓடினால் சத்தம் வராது. மாலை ஐந்தரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கதவைத் திறந்ததும், உள்ளே யாரோ இருப்பதுபோல ஒரு தொண்டைச் செருமல் செருமுவேன். எப்போது ஆரம்பித்த பழக்கம் என்று தெரியவில்லை.

அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், சீட்டுகளை எப்போதும் பென்சிலால் எழுது. மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும். இதற்கும் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது, அனுபவத்தில் கண்டது. வேறு எதிலும் உனக்குச் சொல்லித்தரும் நிலையில் நான் இல்லை.

பதில் தெரியவில்லை என்று தொடங்கினேன். நான்கு பக்கம் எழுதிய பிறகு, தெரியாமல் இல்லை, சொல்லிப் பழக்கமில்லை என்று படுகிறது. நீ ஜெர்மனிக்குப் போவது உனக்கு நல்லது என்று எனக்கும் தெரியும். போனால் நான் சாப்பிடாமல் கிடக்க மாட்டேன். பாடம் நடத்துவேன், குட்டைக்குப் போவேன், தொட்டியை மாடிக்கு ஏற்றி இறக்குகிற வேலை மிச்சம். ஆனால் நீ கேட்டது அது இல்லை. எனக்கு எது வேண்டும் என்று கேட்டாய். நீ திருச்சிக்கு வர வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும். எழுதிவிட்டேன். நாளைக்கு வாயால் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் நடந்ததையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கு வந்தாய். பையைப் போடப் போனவன் அறை வாசலிலேயே நின்று, "அம்மா, என் கட்டில்ல மீன் பண்ணையா?" என்றாய். இல்லை, பூச்சி என்றேன். "அப்ப சரி" என்றாய். இட்லி சாப்பிட்டாய். கடிதத்தைப் பத்திரிகைக்காக உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன், நீ அதைக் கவனிக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. குப்பியைக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு என்றேன். நீ வெகுநேரம் பார்த்தாய். "எனக்கு ஞாபகமே இல்லம்மா. அன்னிக்கு வண்டி பஞ்சராகி கீழப்பழுவூர் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தோமே, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றாய். ஆறு வருடமாக நான் சுமந்த வாக்கியங்கள் உன்னிடம் இல்லவே இல்லை. பஞ்சரானது என்னிடம் இல்லை.

பிறகு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போனேன். நீ கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குவளையால் தண்ணீரை ஊற்றியபடியே, "நீ திருச்சிக்கு வந்துடணும்னு எனக்கு ஆசையா இருக்கு தம்பி" என்றேன். குரல் பாடம் நடத்துகிற குரல் மாதிரிதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாய். "நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து கிளம்பும்போதே ஜெர்மனிக்குச் சரின்னு மெயில் போட்டுட்டேன்மா" என்றாய். "நீ எதுவும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்."

நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரம்.

மெயிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நீ சொல்லவில்லை. வாங்கிக்கொள் என்று நானும் சொல்லவில்லை. சரி என்றேன். அடுத்து என் வாயில் வந்தது, அந்த ஊரில் குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்பது. அதைக் கேட்கவில்லை. குவளையைக் கீழே வைத்தேன். நீ உள்ளே வந்து, கட்டிலில் இருந்த தொட்டிகளில் ஒன்றைப் பத்திரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாய். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாய்.

சொன்னேன்.